எலிக்குப் பித்தப்பை இல்லை

எலிக்குப் பித்தப்பை கிடையாது. சுண்டெலிக்கு உண்டு, நாய்க்கு உண்டு, குரங்குக்கு உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கும் வெள்ளை எலிக்கு இல்லை. ஈரலில் சுரக்கிற பித்தநீர் எங்கும் தங்காமல் குழாய் வழியே குடலுக்கு இறங்கிவிடுகிறது. சேர்த்துவைக்கப் பை இல்லாததால் அதில் கல் உருவாகும் பேச்சுக்கே இடமில்லை. மனிதர்களுக்குத் திடீர்க் கணைய அழற்சி வருவதற்கு உலகம் முழுக்க முதலிடத்தில் இருக்கும் காரணம் பித்தப்பைக் கல்தான். இந்த நோயைப் புரிந்துகொள்வதற்காக அதிகம் செத்த விலங்குகளின் பட்டியலில் எலிக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறது. இந்த இரண்டு தகவல்களையும் அடுத்தடுத்துப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பண்ருட்டியில் என் சித்தப்பா மகன் ஒருவர் முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறார். எனக்கு நாலு வயது மூத்தவர். ஒரு பலா சீசனில் ராத்திரி மேல்வயிற்றில் வலி ஆரம்பித்து முதுகுக்குப் பாய்ந்து, குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சே விட முடிகிறது என்ற நிலைக்கு வந்தார். சித்தி பழியைப் பலாச்சுளை மேல் போட்டாள். "வெறும் வயித்துல இருபது சுளையத் தின்னுட்டுத் தண்ணியக் குடிச்சா வலிக்காம என்ன செய்யும்?" எங்கள் பக்கத்தில் ஆனி மாதத்தில் வரும் எந்த வயிற்றுவலிக்கும் பலாதான் முதல் குற்றவாளி. ரத்தப் பரிசோதனையில் கணைய நொதிகள் எகிறிக் கிடந்தன. அண்ணன் குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுச்சேரியில் சேர்த்தோம். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "இதுக்குன்னு தனி மருந்து எதுவும் இல்லைங்க. வலிக்கு ஊசி போடுவோம், டிரிப் ஏத்துவோம், மூச்சு, யூரின் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருப்போம். பெரும்பாலும் தானா அடங்கிடும்."

அண்ணனுக்கு அடங்கிவிட்டது. ஐந்தில் நான்கு பேருக்கு அப்படித்தான் அடங்குகிறது. மீதி ஒருவருக்குக் கணையம் அழுகி, நுரையீரலும் சிறுநீரகமும் ஒவ்வொன்றாகக் கைவிடும். "தனி மருந்து இல்லை" என்ற வாக்கியம்தான் என்னை உறுத்தியது. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, எத்தனையோ புற்றுநோய்களுக்கு மருந்து இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கும் மேலாக நாயிலும் எலியிலும் வரவழைத்துப் பார்த்துவரும் ஒரு நோய்க்கு எப்படி இல்லாமல் போனது?

*

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள நொதிகள் கறியையே கரைப்பவை. கணையமும் கறிதான் என்பதால் அவற்றை உறைக்குள் போட்ட கத்தி மாதிரி, டிரிப்சினோஜன் போன்ற செயலற்ற வடிவில்தான் அது வெளியே அனுப்புகிறது. குடலுக்குப் போன பிறகுதான் உறை கழற்றப்படும். வழியிலேயே கழன்றுவிட்டால் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. 1896இல் பிராக் நகரத்து நோயியலாளர் ஹான்ஸ் கியாரி முன்வைத்த விளக்கம் இது. இன்றும் பாடப்புத்தகங்கள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

ஆனால் ஒரு மனிதனின் கணையத்துக்குள் இது நடப்பதை யாரும் முதல் நிமிடத்திலிருந்து பார்த்ததில்லை. நோயாளி வலி வந்த பிறகுதான் வருகிறார், சில சமயம் இரண்டு நாள் கழித்து. இருக்கும் இடமும் அப்படி. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே ஆபத்து. ஆகவே நோயை வேறொரு உடலில் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய விஷயம். புரொடக்‌ஷனில் வெடித்த பிழையை டெஸ்ட் சர்வரில் திரும்ப வரவழைக்க முடியாவிட்டால் அதைத் திருத்த முடியாது. வரவழைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வேறொரு பிழையைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவதும் அங்கே சகஜம்.

முதலில் வரவழைத்தவர் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார்ட். கணையநீர்தான் கொழுப்பைச் செரிக்கிறது என்று காட்டியவரும் அவரே. அதற்கு அவருக்குக் கைகொடுத்தது முயல். முயலின் பித்தக் குழாய் குடலில் மேலே திறக்கிறது, கணையக் குழாய் வெகுதூரம் தள்ளிக் கீழே திறக்கிறது. கொழுப்பு உணவு கொடுத்து வயிற்றைத் திறந்து பார்த்தால், கணைய நீர் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழேதான் நிணநீர்க் குழாய்கள் பால் போல வெளுத்திருந்தன. விலங்கின் உடல் மனித உடல் போல இல்லாததே அங்கே உதவியது. 1856இல் அவர் நாயின் கணையக் குழாய்க்குள் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தினார். கணையம் வீங்கி, ரத்தம் கசிந்து, நாசமானது. விலங்கில் உண்டாக்கிய கணைய அழற்சியின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

மயக்க மருந்து பரவலாகாத காலத்திலிருந்தே பெர்னார்ட் உயிருள்ள விலங்குகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிக்கு முதலீடு மனைவி கொண்டுவந்த சீதனம். அந்த மனைவி இதைச் சகிக்க முடியாமல் பிரிந்து போனார். மகள்களும் அம்மா பக்கம் நின்று தெருநாய்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார்கள். பெர்னார்டின் மேதைமையைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் நடந்த சண்டை இன்னும் தீரவில்லை.

அடுத்த பெரிய பெயர் யூஜின் ஓப்பி. 1901, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கணைய அழற்சியில் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து குடலில் திறக்கும் வாயில் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது. வாய் அடைபட்டதால் பித்தநீர் எதிர்த்திசையில் கணையத்துக்குள் ஏறியிருக்க வேண்டும் என்று ஓப்பி ஊகித்தார். நாயின் கணையத்துக்குள் பித்தநீரைச் செலுத்திப் பார்த்தார். அதே மாதிரி அழுகியது. மனித உடலில் பார்த்த தடயமும் நாயில் செய்த சோதனையும் பொருந்தின. மருத்துவ உலகம் கைதட்டியது. அதே ஆண்டு ஓப்பி இன்னொரு விளக்கத்தையும் எழுதியிருந்தார்: கணையக் குழாய் அடைபட்டாலே போதும். கதையாகச் சொல்ல முதல் விளக்கம் அழகாக இருந்ததால் இரண்டாவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டில் எது என்று பார்க்கச் சரியான விலங்கு கிடைக்க 92 ஆண்டுகள் ஆயின. அமெரிக்க ஒப்போசம், குட்டியைப் பையில் சுமக்கும் பிராணி. அதன் பித்தக் குழாயும் கணையக் குழாயும் மனிதனுடையதைப் போலச் சேர்ந்து திறக்கின்றன. 1993இல் மார்க்குஸ் லெர்ச்சும் சகாக்களும் ஒப்போசத்தின் கணையக் குழாயை மட்டும் கட்டினார்கள். பித்தநீர் உள்ளே போக வழியே இல்லை. அப்படியும் கணையம் அழுகியது. பித்தநீர் தேவையில்லை, அடைப்பே போதும். ஆக, ஓப்பியை ஜெயித்தவர் ஓப்பிதான்.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு தவளை. ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை. 1790இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் கையில் கிடைத்தது பதப்படுத்தும் திரவத்தில் ஊறி நிறம் மாறிப்போன உடல். அதனால் பச்சைத் தவளைக்கு நீலம் என்று பொருள்படும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1960களில் இத்தாலிய மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதன் தோலிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தவளையின் பெயராலேயே செருலின் என்று அழைத்தார். செரோட்டோனினைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு இவருடையது; உலகத்துத் தவளைத் தோல்களையெல்லாம் அலசிய மனிதர். நாம் சாப்பிட்டவுடன் கணையத்துக்கு "சுர" என்று உத்தரவிடும் ஹார்மோனைப் போலவே செருலினும் வேலை செய்கிறது.

1977இல் ஜெர்மனியின் லாம்பெல், கெர்ன் இருவரும் எலிகளுக்கு அளவுக்கு மீறிச் செருலின் கொடுத்தார்கள். கணையம் வீங்கியது. அறுவை வேண்டாம், குழாயைத் தேடிப்பிடித்து ஊசி குத்த வேண்டாம். இன்று சுண்டெலிகளில் வழக்கமாகச் செய்வது, மணிக்கு ஒரு ஊசி வீதம் ஆறிலிருந்து பத்து ஊசி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் நோய் தயார். செலவு குறைவு, எந்த நாட்டு ஆய்வகத்தில் செய்தாலும் ஒரே மாதிரி வரும். ஆகவே எல்லோரும் இதைச் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். ஒரே குறை, அந்த எலி சில நாட்களில் தானாகவே தேறிவிடும். மனிதர்களைக் கொல்கிற வடிவம் அதற்கு வருவதில்லை. பித்த உப்பைக் குழாய்க்குள் செலுத்துவது, கோலின் இல்லாத உணவோடு எத்தியோனின் என்ற நஞ்சைச் சேர்த்துச் சுண்டெலிக்கு ஊட்டுவது, அர்ஜினினை அளவுக்கு மீறிக் கொடுப்பது என்று கடுமையான வடிவத்துக்கும் வழிகள் உண்டு. எந்த மனிதருக்கும் இப்படியொரு காரணத்தால் இந்த நோய் வந்து நான் படித்ததில்லை.

இந்த எலிகளிலும் நாய்களிலும் மருந்துகள் வேலை செய்தன. சிக்கலே அதுதான், ஒன்று மாற்றி ஒன்று வேலை செய்துகொண்டே இருந்தன. டிரிப்சினைத் தடுக்கும் அப்ரோட்டினினை 1977இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பல மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, பயனில்லை. அழற்சியைத் தூண்டும் ஒரு மூலக்கூறை மறிக்கும் லெக்ஸிபபான்ட், 290 நோயாளிகளில் செய்த ஆய்வு 2001இல் வெளியானதோடு முடிந்தது. காரணம் ஓரளவு நேரக் கணக்கு. எலிக்கு நோயை உண்டாக்குபவரே மருந்தையும் கொடுக்கிறார். முன்கூட்டியே கொடுக்கலாம், அரைமணி கழித்துக் கொடுக்கலாம். என் அண்ணனை வலி தொடங்கிப் பதினான்கு மணி நேரம் கழித்துத்தான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அதற்கு முன் ஓமத்தண்ணீரும் கேஸ் மாத்திரையும் ஆகியிருந்தன.

பயன் இல்லாமல் போவதோடு நிற்காத ஒரு சம்பவமும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வரலாம் என்று கணிக்கப்பட்டவர்களுக்குக் குழாய் வழியே நல்ல பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். குடலிலிருந்து கெட்ட கிருமிகள் அழுகிய கணையத்துக்குப் போவதைத் தடுக்கலாம் என்ற எண்ணம், தயிர்சாதம் போலச் சாதுவானது. அதே குழுவின் எலிச் சோதனை நல்ல பலனைக் காட்டியது. அங்கே நோயை உண்டாக்குவதற்கு முன்பிருந்தே பாக்டீரியா கொடுக்கப்பட்டது. மனிதர்களில் செய்த ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. பாக்டீரியா கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்திருந்தார்கள். வெறும் கலவை கொடுக்கப்பட்ட 144 பேரில் 9 பேர். பாக்டீரியா கொடுக்கப்பட்டவர்களில் 9 பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் கருகியிருந்தது; மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. இதைப் படித்த பிறகு ஒரு வாரம் நான் வேறெதுவும் படிக்கவில்லை.

கியாரியின் அடிப்படையே ஆட்டம் கண்டதும் எலியினத்தால்தான். 2011இல் ராஜீந்தர் தாவ்ரா, அசோக் சலூஜா குழுவினர் ஒரு முக்கியமான டிரிப்சினோஜன் மரபணு இல்லாத சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கணையத்துக்குள் டிரிப்சின் கிளம்பவில்லை. ஆரம்பச் சேதம் குறைந்தது. ஆனால் அழற்சி வந்தது, குறையவே இல்லை. உறை கழன்ற கத்தி கதையின் ஒரு பாதி மட்டும்தான்.

*

இதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை. நம் பக்கம் இதே கேள்வி வேறு மாதிரி கேட்கப்பட்டது, அதற்கு முன்கதை குன்னூரில் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கேதான் பிறந்தது. மெக்காரிசன் ஒரே இன எலிகளைப் பிரித்து ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, இன்னொன்றுக்கு வங்காளிச் சாப்பாடு, கடைசியாக மதராஸ் சாப்பாடு என்று போட்டார். கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால் சாப்பிட்ட சீக்கிய எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு சாப்பிட்ட மதராஸ் எலி வரிசையில் கடைசி. ராணுவத்துக்கு லாயக்கான இனம், லாயக்கில்லாத இனம் என்று பிரிட்டிஷார் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எலிகள் எல்லாம் ஒரே இனம். மாறியது தட்டு மட்டும். இந்தச் சோதனையின் உண்மையான சேதி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் தட்டில் ஏன் பால் இல்லை, நிலம் யாரிடம் இருந்தது என்பதை எலியிடம் கேட்க முடியாது.

மெக்காரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். அதன் பெரும்பகுதி மரவள்ளிக்கிழங்கு, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு. அந்த எலிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றுப்புண் வந்தது. சீக்கியச் சாப்பாட்டு எலிகளுக்கு வரவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் திருவிதாங்கூரின் பசியை ஆற்றிய கிழங்கு அது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப ஆர்வம் காட்டியவர்.

பிறகு கேரளத்தில் ஒரு விநோதமான நோய் கவனத்துக்கு வந்தது. குடிப்பழக்கம் இல்லாத, பித்தப்பைக் கல் இல்லாத, மெலிந்த சிறுவர்களுக்கு வயிற்றுவலி. எக்ஸ்ரேயில் கணையம் முழுக்கக் கற்கள். சில ஆண்டுகளில் சர்க்கரை நோய். மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 1968இல் இது பற்றித் தனி நூலே வெளியிட்டார். சென்னையிலும் இத்தகைய நோயாளிகள் இருந்தார்கள். திடீர் வகை இல்லை இது, நாள்பட்ட வகை. ஆனால் பாதிக்கப்படும் உறுப்பும் கேள்வியும் ஒன்றே. சந்தேகம் மரவள்ளி மேல் விழுந்தது. அதில் சயனைடு தரும் லினமரின் இருக்கிறது. உடல் சயனைடை முறிக்கக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும்; அவை புரதத்திலிருந்து வர வேண்டும். மீனும் பருப்பும் இல்லாமல் கிழங்கு மட்டும் தின்பவனுக்கு அது கிடைக்காது. தர்க்கம் கச்சிதமாக இருந்தது, சித்தியின் பலாச்சுளைத் தர்க்கத்தைப் போலவே. மரவள்ளியையே நம்பி வாழும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இந்த நோய் அவ்வளவாக இல்லை. மரவள்ளியே தொடாத தமிழ்நாட்டு நோயாளிகள் இருந்தார்கள். அப்படியும் சந்தேகம் போகவில்லை.

சோதித்துப் பார்க்க இரண்டு குழுக்கள் இறங்கின, ஏறக்குறைய ஒரே காலத்தில். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் சந்தியாமணியும் சகாக்களும் நாட்டுக் குரங்குகளுக்குப் புரதம் குறைந்த, மரவள்ளி மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். நம் கோயில்களில் தேங்காய் மூடியைப் பிடுங்குமே, அதே குரங்கு. கணையத்தில் மாற்றங்கள் தெரிந்தன. 1999இல் கட்டுரை வந்தது. சென்னைத் தரமணியில் டி.சி. மதங்கி, நமசிவாயம் ஆகியோர் நீரிழிவு நிபுணர் வி. மோகனின் குழுவோடு சேர்ந்து எலிகளுக்கு ஓராண்டு வரை மரவள்ளி ஊட்டினார்கள். 2000இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: நீண்டகாலம் மரவள்ளி தின்றாலும் எலிக்கு நீரிழிவும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை.

குரங்கு ஒன்று சொல்கிறது, எலி வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது? நான் இரண்டையும் நம்புகிறேன், ஏனென்றால் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. குரங்குக்குக் கிழங்கோடு சேர்த்துப் புரதப் பசியும் கொடுக்கப்பட்டது. தரமணியில் நேரடியாக விசாரிக்கப்பட்டது கிழங்கு. குற்றவாளி கிழங்கு இல்லை என்று எலி சொன்னதில் பெரிய நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது; ஒரு ஏழை மாநிலத்தின் சோற்றை நஞ்சென்று சொல்வதற்கு முன் இப்படி ஒரு சோதனை நடந்தாக வேண்டும். "இல்லை" என்று வரும் முடிவுகளை யாரும் கொண்டாடுவதில்லை. ஹைதராபாத்தில் கிரிராஜ் சந்தக் குழுவினர் 2002இல் இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு, டிரிப்சினைக் கட்டிப்போடும் ஸ்பிங்க்1 என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. ஆரோக்கியமானவர்களில் அது மிகச் சிலருக்கே உண்டு. அந்தப் பிழை எப்படி நோயை உண்டாக்குகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. பிழையோடு செய்த புரதமும் சோதனைக் குழாயில் ஒழுங்காகவே வேலை செய்கிறது.

*

அண்ணனின் நோய்க்கு வருகிறேன். குடியை எலியில் வரவழைக்க முடியுமா? எலிக்குச் சாராய வாடையே பிடிக்காது. 1963இல் லீபரும் டிகார்லியும் சாராயம் கலந்த திரவ உணவைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் எலியைக் குடிக்கவைத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்தது. கணையத்துக்கு அழற்சி மட்டும் வரவில்லை. குடி மட்டும் போதாது, வேறொரு இரண்டாவது அடியும் விழ வேண்டும் என்பதை 1999இல் ஸ்டீபன் பண்டோலின் குழு காட்டியது. தனியாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாத அளவு ஹார்மோனைக் குடித்த எலிக்குக் கொடுத்தபோது கணையம் வீங்கியது. டாஸ்மாக் வாசலில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஏன் இது வருவதில்லை என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. அண்ணனுக்கு விழுந்த இரண்டாவது அடி எது என்று யாருக்கும் தெரியாது. சித்தி இன்னும் பலாவை விடவில்லை.

இந்தியாவில் எலியோ குரங்கோ, சோதனைக்கு எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்கு வேர் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதற்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். பிரதமர் நேரு அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதி சொன்ன பிறகே அவர் பின்வாங்கினார். வந்த சட்டம் சோதனைகளை ஒழிக்கவில்லை. தேவையில்லாத வலி கூடாது, கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்றது. சோதனைக்கான விதிகள் 1998இல்தான் வந்தன. பெர்னார்ட் வீட்டுச் சண்டைக்கு நம் ஊரில் கிடைத்த சமரசம் இது.

சமீபத்தில் சிகிச்சையை மாற்றிய ஒரு ஆய்வில் விலங்கே கிடையாது. கணைய அழற்சி என்றால் டிரிப்பை வேகமாக, நிறைய ஏற்ற வேண்டும் என்பது பல ஆண்டு வழக்கம். ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 249 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேகமாகவும் மறுபாதிக்கு நிதானமாகவும் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் தேங்கியது, நிதானமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம். வேகத்தால் நோய் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தி 2022இல் வெளியிட்டார்கள். அண்ணன் படுத்திருந்தது அதற்கு முந்தின வருஷம். நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து சொட்டு வேகத்தைக் கூட்டிவிட்டுப் போவார். அவர் போன பிறகு, "கை வீங்குதுடா, அதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்பார் அண்ணன்.